வைரவருக்கு இளநீர்

மட்டக்களப்பு
2024 சனவரி 21

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகிர்தன் எழுதுவது. என் உடம்பு இப்போதுதான் மெல்ல மெல்லச் சொல்வழி கேட்கத் தொடங்கியிருக்கிறது. நீங்களும் இரத்தினசிங்கம் அண்ணரும் உங்களிடம் நிற்கும் என் இரண்டு பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். குடியை விடப்பண்ணுகிற இந்த நிலையத்தில் ஃபாதர் செபம் சொல்லும்போது நானும் கண்ணை மூடிக்கொண்டு நம்முடைய கோணேசரைத்தான் கும்பிடுகிறேன். இரண்டு பேரும் கோவிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்துப் பரியாரியின் மருந்துச் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

கோர்ட்டில் பிள்ளைகளை யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டபோது என் கூடப்பிறந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நீங்கள் எழும்பி, "நான் கொண்டு போறன் ஐயா" என்றீர்கள். உங்கள் தங்கச்சி கீர்த்தனி டெங்குவில் போய் நாலு வருடமாகிறது. அவளுடைய செத்த வீட்டிலேயே நான் குடிவெறியில் நின்றதற்கு நீங்கள் என்னைப் பேசிய பேச்சு இன்றும் காதில் இருக்கிறது. அப்படிப் பேசின ஆள்தான் என் பிள்ளைகளுக்காக எழும்பினீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த முதல் கடிதம்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மதுசனுக்குக் காய்ச்சல் கொதித்த அன்று நான் துறைமுக ஜெட்டியில் எஞ்சின் திருத்தப் போன வள்ளத்துக்குள்ளேயே குடித்துவிட்டுக் கிடந்தேன். ஆறு வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு வயது கௌசிகா இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாள். "ஆரோட வந்தனீ?" என்று வார்ட்டில் நின்ற நேர்ஸ் மிஸ்ஸி கேட்டதற்கு, "அப்பா வெளியில நிக்கிறார்" என்றாளாம். அந்த மிஸ்ஸி எழும்பி வெளியில் வந்து பார்த்திருக்கிறா. அதற்குப் பிறகுதான் நன்னடத்தை உத்தியோகத்தரும் கோர்ட்டும் எல்லாம். அவவை நான் பேசாத தூசணமில்லை. இப்போது அவ எழும்பிப் பாராமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் படுக்கையில் அழுகிறேன்.

கௌசிகாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சுகிர்தன்


தம்பலகாமம்
2024 பெப்ரவரி 11

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு,

ஆதிகோணேசர் துணையிருக்க மச்சாள் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அண்ணருக்கு மட்டும் முழங்கால் நோ. வயலுக்குப் போக நோகாது, கடைக்குப் போகச் சொன்னால் நோகும், அந்த வகை.

மதுசன் பெரியப்பாவின் வாலாகிவிட்டான். உழவு மெசின் எங்கே நிற்கிறதோ அங்கே அவன் நிற்கிறான். சாப்பிடுகிறான், சண்டை பிடிக்கிறான், சட்டையைக் கிழிக்கிறான். அவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கௌசிகாதான். நான் எழும்புமுன் எழும்பி முற்றம் கூட்டி, தேத்தண்ணி வைத்து, தம்பியைக் குளிப்பாட்டி வைத்திருக்கிறாள். கீர்த்தனியின் பிள்ளை என் குசினியில் வேலைக்காரி மாதிரி நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. "போய் விளையாடு பிள்ளை" என்றால் "ஓம் பெரியம்மா" என்று போய் வேலியடியில் சும்மா நிற்கிறாள். விளையாடவும் நான் சொன்னபடியால் போய் நிற்கிறாள். "இன்னும் சோறு வேணுமோ?" என்றால் உடனே பதில் வராது. என் முகத்தைப் பார்த்து, எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று தேடிவிட்டுத்தான் சொல்வாள்.

ஒன்று சொன்னால் கோவிக்காதீர்கள். கிழமைக்கொருமுறை அங்கே போன் தருகிறார்கள்தானே, அதில் இனி அவளைக் கேட்க வேண்டாம். போன முறை நீங்கள் கதைத்தபோது அவள் சொல்லைக் கேட்கவில்லை, குரலைத்தான் கேட்டாள். எவ்வளவு குடித்திருக்கிறீர்கள் என்று அளந்தாள். அங்கே ஒரு சொட்டும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அளந்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கடிதமே எழுதுங்கள் தம்பி. கடிதத்தில் குரலும் இல்லை, மணமும் இல்லை.

அவள் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நான் நெருக்கவில்லை.

உடம்பைக் கவனியுங்கள்.
சுலோஜனா மச்சாள்


மட்டக்களப்பு
2024 மார்ச் 3

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் நலம், கை நடுக்கமும் குறைவு. உங்கள் எல்லாருடைய சுகத்தையும் கடவுள் காக்கட்டும். அண்ணரின் முழங்காலுக்கு இஞ்சியைச் சுட்டு ஒத்தடம் கொடுக்கலாமென்று என் பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார். கடைக்குப் போகாத வருத்தத்துக்கு அவரிடமும் மருந்து இல்லையாம்.

போனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு வெளியில் போய் நின்றேன். கோவம் இல்லை. சொல்லித் தந்ததற்கு நன்றி.

போன கிழமை இங்கே எங்களை வட்டமாக இருத்தி, பிள்ளைகள் எங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். நான் பெருமையாகத்தான் தொடங்கினேன். நான் வேலைக்குப் போகாத நாளில் கௌசிகா போய் முதலாளியிடம் "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று சொல்வாள். போத்தல் வாங்கி வரச் சொன்னால் வாங்கி வருவாள். நான் சத்தியெடுத்தால் துடைப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாதே, தம்பியைப் பார் என்றால் பார்ப்பாள். ஒருநாளும் "ஏலாது அப்பா" என்று சொன்னதில்லை. ஜெட்டியில் எல்லாரிடமும் சொல்வேன், என்ர மகள் மாதிரி ஒரு பிள்ளை திருக்கோணமலையிலேயே இல்லை என்று. இதையும் அந்த வட்டத்தில் சொல்லி முடித்தேன். எனக்கே அப்போதுதான் கேட்டது மச்சாள், நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று.

கௌசிகாவுக்குத் தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அவளுக்குப் பதில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. அதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.

சுகிர்தன்


தம்பலகாமம்
2024 மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வெட்டு முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வேறு விசேடம் இல்லை.

சுலோஜனா மச்சாள்


மட்டக்களப்பு
2024 ஏப்ரல் 20

அன்புள்ள மச்சாளுக்கு,

வருடப்பிறப்பு நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பாற்சோறு தந்தார்கள். நான் நலம்.

உங்கள் கடிதத்தில் "வேறு விசேடம் இல்லை" என்று வாசித்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு மாடு கன்று போட்டாலும் அதன் நிறத்தோடு அரைப் பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள். ஒரு போகத்து வெட்டை ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள்.

பிள்ளைகளுக்கு ஏதும் நடந்ததா? உங்களால் வைத்திருக்க ஏலாமல் போய்விட்டதா? எதுவாயிருந்தாலும் எழுதுங்கள். கெட்ட செய்தி கேட்டால் நான் குடித்துவிடுவேன் என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. நல்ல செய்தி கேட்டும்தான் குடித்தவன் நான். அதனால் யோசிக்காமல் எழுதுங்கள்.

சுகிர்தன்


தம்பலகாமம்
2024 மே 9

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு,

முதலில் இதைச் சொல்கிறேன், பிள்ளைகள் இரண்டும் சுகமாக இருக்கிறார்கள். இப்போது மதுசன் என் கையைத் தட்டிக்கொண்டு நிற்பதால் எழுத்து கோணல். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொண்டு, நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வயல் மூலையில் மருத மரத்தடியில் வைரவர் இருக்கிறார், தெரியும்தானே. வெட்டு முடிந்ததும் அவருக்குப் பொங்கி, வடைமாலை போட்டு, ஒரு போத்தல் சாராயமும் வைத்துப் படைப்பது அண்ணரின் தகப்பன் காலத்திலிருந்து வழக்கம். படைத்த பிறகு வெட்டு மெசின்காரரும் வயல்காரரும் அதைப் பகிர்ந்து குடிப்பார்கள். அண்ணர் வருடத்தில் அந்த ஒருநாள் ஒரு மிடறு எடுப்பார், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. நாங்கள் அதைக் குடி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது வைரவரின் சாமான். அதனால் மனுசன் போத்தலை வாங்கி வந்து சாமியறையில், படத்துக்குக் கீழே, பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கௌசிகா விளக்கு வைக்கப் போனவள் கண்டுவிட்டாள்.

அவள் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. போத்தலை எடுத்துக் கிணற்றடியில் ஊற்றினாள், கழுவி, தண்ணீர் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு தம்பியின் உடுப்பைப் பள்ளிக்கூடப் பையில் அடைத்து, அவனையும் கூட்டிக்கொண்டு கண்டி வீதிக்கு நடந்து பஸ் ஏறிவிட்டாள். மதுசன் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அழுதானாம். பின்னேரம் நாங்கள் வாய்க்கால் வரம்பெல்லாம் தேடுகிறோம். யானை வருகிற காலம் வேறு.

போன் வந்தது பெரியாஸ்பத்திரியிலிருந்து. அந்த மிஸ்ஸிதான் எடுத்தா. கௌசிகா அவ வேலை செய்கிற வார்ட்டைத் தேடிப் போய், ஆட்கள் காத்திருக்கிற மர வாங்கில் தம்பியை இருத்தி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்குப் போக இந்த உலகத்தில் அந்த ஒரு இடம்தான் தெரிந்திருக்கிறது.

அண்ணர் மோட்டார் சைக்கிளில் போனார். அவரைக் கண்டதும் அவள் எழும்பி நின்று, "பெரியப்பா, நீங்கள் நல்ல ஆள்தான்" என்றாளாம். "அப்பாவும் நல்ல ஆள்தான். போத்தல் வீட்டுக்க வந்தாப் பிறகுதான் மாறினவர்." அண்ணர் அந்த வாங்கிலேயே இருந்துவிட்டார். வீட்டுக்கு வந்து எனக்கு இதைச் சொல்லும்போது மனுசன் அழுதார். எங்களுக்குக் கலியாணமான நாள் தொட்டு நான் கண்ட முதல் அழுகை அது.

மிஸ்ஸி அவர்களைச் சும்மா அனுப்பவில்லை. உத்தியோகத்தருக்கு அறிவித்துத்தான் விட்டா. அது சரிதான். உத்தியோகத்தர் வந்து வீடு பார்த்து, கௌசிகாவிடம் தனியாகக் கதைத்துவிட்டுப் போனார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான் உங்களுக்கு அந்தப் பொட்டல் கடிதம் எழுதினேன்.

படையல் நடந்தது. அண்ணர் போத்தல் வைத்த இடத்தில் இளநீர் வெட்டி வைத்தார். வயல்காரர் சும்மா இருப்பார்களா? "வைரவர் கோவிச்சா அடுத்த போகம் யானை இறங்கும் அண்ணை" என்றார்கள். "போத்தல் வைச்ச வருசமெல்லாம் யானை இறங்கினதுதானேயடாப்பா, அப்ப ஆர் கோவிச்சது?" என்று கேட்டுவிட்டு வடையைப் பங்கிட்டார். கௌசிகா மரத்தடியில் நின்று இளநீர் வெட்டுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அன்று இரண்டு தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். கேட்டு, தம்பி. என் முகத்தைப் பார்க்காமல்.

சுலோஜனா மச்சாள்


உட்துறைமுக வீதி, திருக்கோணமலை
2024 யூன் 30

அன்புள்ள மச்சாளுக்கும் அண்ணருக்கும்,

உங்கள் அன்பால் நலமே வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் எல்லாரும் அதேபோல் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை அங்கே வட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எத்தனையோ பேர் குடியை விட்ட கதை கேட்டிருக்கிறேன், வைரவரையே விடப்பண்ணின குடும்பத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார் ஃபாதர். அண்ணர், நான் உங்கள் காலில் விழ வேண்டும். ஒரு பிள்ளை பயந்தது என்பதற்காகத் தகப்பன் காலத்து வழக்கத்தை மாற்ற உங்களுக்கு ஒருநாள் போதுமாயிருந்தது. எனக்குச் சொந்தப் பிள்ளைகள் நாலு வருடம் பயந்தும் காணவில்லை.

முதலாளி அபூதாஹிர் நானா திரும்பவும் தன் வள்ளம் திருத்துகிற வாடியில் வேலை தந்திருக்கிறார். நான் விற்றுக் குடித்துவிடுவேன் என்று எஞ்சின் திருத்துகிற என் ஆயுதங்களையெல்லாம் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருந்தாராம். அப்போது களவு போய்விட்டதென்று பொலிசுக்குப் போனேன். இப்போது அவற்றை எண்ணெய் பூசித் திருப்பித் தந்திருக்கிறார்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கௌசிகாவுக்கு ஒரு மேசையும் கதிரையும் செய்வித்திருக்கிறேன். கோர்ட் தவணை யூலை நடுப்பகுதியில். என் பத்திரம் எல்லாம் நல்லபடி இருக்கிறது, பிள்ளைகள் என்னிடம் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கௌசிகாவுக்கு விருப்பமா என்று நீங்கள் கேட்டு எழுத வேண்டாம். அப்பாவிடம் வர எந்தப் பிள்ளைக்கு விருப்பமில்லாமல் இருக்கும்?

அன்போடு,
சுகிர்தன்


தம்பலகாமம்
2024 ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா என்று கேட்கக் கை வரவில்லை, அவ்வளவு பயமாக இருக்கிறது.

கோர்ட்டில் பிள்ளைகள் இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருக்கட்டும் என்று சொன்னதும், நீங்கள் அண்ணருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியேறினதுதான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. போன் எடுத்தால் வேலை செய்யவில்லை என்று போனுக்குள் இருக்கிற பெட்டை மூன்று மொழியிலும் சொல்கிறாள். அண்ணர் வந்து பார்த்தார், வீடு பூட்டு. அக்கம்பக்கத்தில் கேட்டால் காணவில்லை என்கிறார்கள். நானாவின் வாடி எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

நீங்கள் யூனில் எழுதின கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். அவளுடைய விருப்பம் எனக்குத் தெரியும். அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

குடித்திருந்தாலும் எழுதுங்கள் தம்பி. ஏசுவேன், ஆனால் கைவிட மாட்டேன். கீழே கௌசிகாவின் தாள் இருக்கிறது. தானாக எழுதினாள். நான் வாசிக்கவில்லை.

சுலோஜனா மச்சாள்


தம்பலகாமம்
2024 ஆகஸ்ட் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் தம்பியும் சுகம். நீங்கள் சுகமா?

நீதவான் ஐயா என்னைத் தனி அறையில் கூப்பிட்டு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார். பெரியம்மா வீட்டில் என்று நான்தான் சொன்னேன். பெரியம்மா சொல்லித் தரவில்லை. உத்தியோகத்தரும் சொல்லித் தரவில்லை.

"அப்பாவிடம் போக ஏலாதா?" என்று திரும்பவும் கேட்டார். ஏலாது என்று சொன்னேன். நீங்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். உங்களிடம் மணக்கவில்லை. அதையும் பார்த்தனான். ஆனால் அங்கே வந்தால் நான் திரும்ப ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டேயிருக்க வேணும். எனக்குக் களைப்பாயிருக்கு அப்பா.

நீங்கள் திரும்பக் குடிக்கத் தொடங்கியிருந்தால் அது என்னால்தான். பெரியம்மா இல்லை என்கிறா. ஆனால் நான் ஓம் என்று சொல்லியிருந்தால் குடித்திருக்க மாட்டீர்கள்தானே.

மகள்,
கௌசிகா


உட்துறைமுக வீதி, திருக்கோணமலை
2024 செப்டெம்பர் 2

என் அன்பு மகள் கௌசிகாவுக்கு,

அப்பா சுகம். நான் குடிக்கவில்லை. நீ முதலில் தேடுவது இந்த வரியைத்தான் என்று தெரியும், அதனால் முதலில் எழுதுகிறேன்.

கோர்ட்டால் வந்த அன்று சாராயத் தவறணை வாசல் வரைக்கும் போனேன். மறைக்கவில்லை. அங்கிருந்து அபூதாஹிர் நானாவின் வாடிக்கு நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இப்ப தனிய இருக்கேலாது" என்று கிண்ணியாவில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய கூட்டாளிமார் எடுப்பார்கள் என்று போனையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். வேலைக்கும் அவரோடேயே போய் வந்தேன். நேற்றுத்தான் வீட்டைத் திறந்தேன். கதவுக்குக் கீழே உங்கள் கடிதம் கிடந்தது. அவ்வளவு நாளும் உங்களைப் பயத்தில் வைத்திருந்ததற்குப் பெரியம்மாவிடம் தனியாக ஏச்சு வாங்கிக்கொள்வேன்.

இப்போது உனக்கு. நான் குடித்தது ஒருநாளும் உன்னால் இல்லை. நீ ஓம் என்று சொன்ன காலத்திலும் குடித்தனான். நீ ஓம் சொல்லி ஓம் சொல்லியே என்னைக் காப்பாற்றப் பார்த்தாய், அது உன் வேலை இல்லை. இனி நான் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது என் பாடு.

கோர்ட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் நீதவானோடு கோவம், உத்தியோகத்தரோடு கோவம், பெரியம்மாவோடும் கோவம். நீ எழுதியதை வாசித்ததும் இருந்த கோவமெல்லாம் போய்விட்டது. என் மகள் எனக்கு ஏலாது என்று சொல்லியிருக்கிறாள். ஒரு பெரிய மனுசர் முன்னால், தனிய நின்று, இரண்டு தரம். கௌசிகா, இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ பயப்படாமல் சொல்லும்படி உன்னை வைத்திருக்கிற பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நன்றி. உனக்கு நன்றி, என் பிள்ளை.

களைப்பாயிருக்கு என்று எழுதியிருந்தாய். இளைப்பாறு. ஒரு வருடமல்ல, உனக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவும்.

ஒன்று கேட்கலாமா? ஒரு ஞாயிறு வந்து உங்களைப் பார்க்க விருப்பம். ஏலாது என்று எழுதினால் வர மாட்டேன், கோவிக்கவும் மாட்டேன். வேலை செய்துகொண்டு இங்கேயே இருப்பேன்.

அன்பு முத்தங்களோடு,
அப்பா


தம்பலகாமம்
2024 செப்டெம்பர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். தம்பிக்குப் பல் விழுந்துவிட்டது. பெரியம்மா உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உங்களுக்கென்று ஏச்சுச் சேர்த்து வைத்திருக்கிறா. பெரியப்பா அவவின் வாயை அடைக்க என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். பதில் எழுத ஒரு கிழமையாக யோசித்தனான். பெரியம்மாவிடம் கேட்டதற்கு உன் விருப்பம் என்றா. பெரியப்பாவிடம் கேட்டாலும் அதையே சொல்கிறார்.

வாற ஞாயிறு வேண்டாம், எனக்குத் தவணைப் பரீட்சைக்குப் படிக்க இருக்கு. அதற்கு அடுத்த ஞாயிறு வாருங்கள். மத்தியானச் சாப்பாடு இருக்கும். பின்னேர பஸ்ஸுக்குத் திரும்பிப் போய்விட வேணும்.

நீங்கள் கேட்டதற்காக ஓம் என்று எழுதவில்லை அப்பா. எனக்கு உங்களைப் பார்க்க விருப்பமாயிருக்கு. அதுதான்.

மகள்,
கௌசிகா